மோட்டார், டிராக்டர், டயர் வண்டிச் சக்கரங்களுக்கு வீட்டிலேயே வர்ணம் பூசும் முறை

பொங்கல் பண்டிகைக்கு முன்னால் மாட்டின் கொம்புக்கும் வண்டியின் சக்கரத்துக்கும் வர்ணம் தீட்டுவது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், ஆண்டிமடம், தா. பழூர் பக்கத்துக் கிராமங்களில் மரச்சக்கர வண்டிகள் மிகவும் குறைந்துவிட்டன. அவற்றின் இடத்தை டயர் வண்டியும், டிராக்டரும், அதன் பின்னால் பூட்டும் டிரெய்லரும், வசதியுள்ளவர் வீட்டில் மோட்டார் காரும் பிடித்துக்கொண்டன. ஆயினும் வர்ணம் தீட்டும் வழக்கம் மட்டும் மாறவில்லை. மார்கழிக் கடைசியில் ஒரு டப்பா எனாமலை வாங்கி, சக்கரத்தில் படிந்த சேற்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, துருவின் மேலேயே ஒரு கை பூசி முடிப்பதுதான் அநேகருடைய முறை. தை பிறந்தவுடன் சக்கரம் பளபளக்கும். ஆடி வருவதற்குள் அந்த வர்ணம் மீன் செதிள் போல் உரிந்து விழும்.

வர்ணம் அழகுக்கு மட்டும் உரியது என்று எண்ணுவதால் வரும் தவறு இது. மரச்சக்கரத்தில் குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் மரம். இரும்பு பெரும்பாலும் மேல்பட்டையில்தான் உண்டு. மிருக வைத்தியராகிய ஜான் பாய்ட் டன்லப் என்பவர் 1888-ல் காற்றடைத்த டயரை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு பரவிய மோட்டார்ச் சக்கரத்திலோ, பாரம் முழுவதையும் தாங்குவது சில மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு. அத்தகட்டைத் துரு தின்றுவிட்டால் சக்கரம் இல்லை. ஆகையால் சக்கரத்துக்கு வர்ணம் என்பது வீட்டுக்குக் கூரை போன்றது.

துரு பிடிப்பது எவ்வாறு?

இரும்பு, நீர், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. உப்பு கலந்தால் அது பன்மடங்கு விரைவாகும். துருவானது தான் தின்ற இரும்பைக் காட்டிலும் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். இதனால்தான் வர்ணத்துக்கு அடியில் சிறு துரு இருந்தாலும் அது பருத்து வர்ணத்தைத் தூக்கி எறிகிறது. டயரின் விளிம்பு ரிம்மில் அமரும் இடத்தில் துரு பருத்தால் டயர் சரியாக அமராது. ட்யூப் இல்லாத டயரானால் காற்று நாள்தோறும் சிறிது சிறிதாகக் கசியும். ட்யூப் உள்ளதானால் துருவின் முரட்டுத்தனம் ட்யூபை அரித்துப் பஞ்சராக்கும்.

நமது பக்கத்தில் துருவுக்கு உதவி செய்யும் காரணங்கள் நான்கு. முதலாவது, உரம். பொட்டாஷ் உரமும் அம்மோனியம் சல்பேட்டும் உப்பு வகையைச் சேர்ந்தவை. மூட்டை கிழிந்து சிந்திய உரம் சக்கரத்தின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, காற்றின் ஈரத்தையும் தானே இழுத்துக்கொள்ளும். இரண்டாவது, கொள்ளிடக்கரை நஞ்சைகளில் சேற்றுழவு. உழவு முடிந்த டிராக்டரைக் கழுவாமல் நிறுத்தினால் ரிம்மின் மடிப்பில் சேறு பல நாள் ஈரமாகவே கிடக்கும். மூன்றாவது, ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழை. நான்காவது, அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல், சிமெண்டுத் தூசி. சுண்ணாம்பின் காரம் இரும்பைக் கெடுப்பதில்லை. ஆனால் சாதாரண எனாமலில் உள்ள எண்ணெய்ச் சத்தைச் சோப்புப் போல் ஆக்கி, வர்ணத்தை இளகச் செய்துவிடும். சிமெண்டு மூட்டை ஏற்றிய டிரெய்லரை அன்றே நீர்விட்டுக் கழுவவேண்டும் என்பது இதனால்தான்.

துருவினால் வரும் நஷ்டம் சிறிதன்று. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-ல் அது திறக்கப்பட்டது. அதற்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்கினார். உலோகங்கள் அரிக்கப்படுவதைத் தடுப்பது அந்நிலையத்தின் முக்கியமான வேலைகளில் ஒன்று. மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளையும் வர்ணங்களையும் வெயிலிலும் உப்புக் காற்றிலும் வைத்து அங்கே சோதித்து வந்திருக்கிறார்கள். இத்தகைய சோதனைகள் எங்கும் காட்டும் பாடம் ஒன்றே: வர்ணத்தின் ஆயுள், டப்பாவின் விலையைக் காட்டிலும், பூசுமுன் இரும்பைச் சுத்தம் செய்ததைப் பொறுத்தது.

காலம்

மார்கழியும் தையின் முற்பகுதியும் பனிக்காலம். இரவில் பூசிய வர்ணத்தின் மேல் பனி படிந்து அது வெளுத்துப்போகும். மாசி, பங்குனி மாதங்களே உத்தமம். அறுவடை முடிந்து வண்டிக்கு ஓய்வும் கிடைக்கும். காலை ஒன்பது மணிக்கு மேல், இரும்பில் ஈரமில்லாத சமயத்தில் தொடங்கவேண்டும். உச்சி வெயிலில் கை பொறுக்காத அளவு சுட்ட இரும்பில் பூசினால் வர்ணம் கொப்புளிக்கும். ஆகையால் நிழலில் வைத்துப் பூசுவது நன்று. ஆடிக் காற்றில் தூசி ஒட்டுமாதலால் அம்மாதம் ஆகாது. பண்டிகைக்குச் சக்கரம் அழகாயிருக்க வேண்டுமென்போர், பங்குனியிலேயே முறைப்படி பூசிவைத்து, பொங்கலுக்குக் கழுவித் துடைத்தால் போதும்.

வேண்டிய சாமான்கள்

கம்பிப் பிரஷ், சுரண்டும் தகடு, 80, 120, 320 எண்ணுள்ள உப்புத்தாள்கள், சோப்புத்தூள், தின்னர், பழைய பருத்தித் துணி, ரெட் ஆக்ஸைடு அல்லது ஜிங்க் பாஸ்பேட் பிரைமர், எனாமல் வர்ணம், இரண்டு அங்குலப் பிரஷ், கையுறை, மூக்கை மூடும் கவசம் இவையே. இரண்டு பிரைமர்களில் ஜிங்க் பாஸ்பேட் மேலானது. மஞ்சள் நிறமான ஜிங்க் குரோமேட் பிரைமர் புற்றுநோய் விளைவிக்கத்தக்கதாகையால் அதை வீட்டில் தொடவேண்டாம்.

ஒரு லிட்டர் எனாமல் ஒரு கை பூசச் சுமார் 10 சதுர மீட்டருக்கு வரும். டயர் வண்டியின் சக்கரம் ஒன்று இரு பக்கமும் சேர்ந்து உத்தேசமாய் ஒரு சதுர மீட்டர். இரு சக்கரங்களுக்கு இரண்டு கை என்றால் 4 சதுர மீட்டர். அரை லிட்டர் போதும். காரின் நான்கு சக்கரங்களுக்கு ஒரு லிட்டருக்கு மேல் வேண்டாம். டிராக்டரின் பின்சக்கரம் ஒன்றே இரண்டு சதுர மீட்டருக்குக் குறையாதாகையால், அதற்கு ஒரு லிட்டர் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

செய்யும் முறை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல், அச்சின் அடியில் உறுதியான மரக்கட்டையோ இரும்பு ஸ்டாண்டோ வைக்கவேண்டும். செங்கல் திடீரென நொறுங்குமாதலால் கூடாது. நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே சிறிது தளர்த்திக்கொள்ள வேண்டும். டிராக்டரின் பின்சக்கரம், அதிலும் டயருக்குள் நீர் நிரப்பியது, இருவர் கூடித் தாங்கக் கூடியதன்று; அதைக் கழற்றாமல் இருந்த இடத்திலேயே பூசலாம்.

2. கழற்றிய சக்கரத்தின் வால்வு ஊசியை எடுத்துக் காற்றை முற்றிலும் இறக்கவேண்டும். டயரைப் பஞ்சர் கடையில் கழற்றிக்கொண்டால் வேலை சுத்தமாகும். லாரிகளில் காணும் வளையம் பூட்டிய ரிம்களை வீட்டில் ஒருபோதும் பிரிக்கக் கூடாது. அவ்வளையம் தெறித்தால் உயிர்ச்சேதம் நேரும். டயரைக் கழற்றாதவர்கள், பழைய கலியாணப் பத்திரிகைகளை டயருக்கும் ரிம்முக்கும் இடையில் சுற்றிலும் செருகிக்கொண்டால் டயரில் வர்ணம் படாது.

3. சோப்புத் தண்ணீரால் சேறு, உரம், கிரீஸ் யாவும் போகக் கழுவி உலர்த்தவேண்டும். சிலர் துருவைத் தடுக்க எண்ணிக் கழிவு ஆயிலைத் தடவி வைத்திருப்பார்கள். அது வர்ணத்தை ஒட்டவொட்டாது; டயர் ரப்பரையும் ஊதிப்போகச் செய்யும். மண்ணெண்ணெயால் துடைத்தாலும் எண்ணெய்ப் பசை மிஞ்சும். கடைசித் துடைப்பு தின்னராலேயே இருக்கவேண்டும்.

4. இப்போது சக்கரத்தை வெளிச்சத்தில் வைத்து நன்றாகப் பரிசோதிக்கவேண்டும். இக்கட்டுரையில் இதுவே முக்கியமான பாகம். போல்ட்டுத் துவாரங்களைச் சுற்றியும், டிஸ்க்கு ரிம்முடன் சேரும் பற்றுவைப்பிலும் மயிரிழை போன்ற விரிசல் உண்டா, துவாரம் நீண்டு முட்டை வடிவாகியிருக்கிறதா, சுரண்டும் தகடு இறங்கும்படி குழி விழுந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒன்று இருந்தாலும் அச்சக்கரத்தைக் கழித்துவிட்டு வேறு வாங்கவேண்டும். வர்ணம் விரிசலை மறைக்கும், ஆற்றாது.

ஒரு கிராமத்தில், பொங்கலுக்குப் புதிதாய் வர்ணம் பூசிய டயர் வண்டி ஒன்று, தை மாதம் கரும்புப் பாரத்துடன் சாலையில் போகையில் ஒரு சக்கரத்தின் டிஸ்க்கு கிழிந்து சாய்ந்தது. நுகத்தடி திருகிக்கொண்டு ஒரு காளையின் தோள் விலகிற்று; அது பிறகு வேலைக்கு உதவவில்லை. உடைந்த தகட்டை எடுத்துப் பார்த்தபோது, விரிசலின் ஓரத்தில் பழைய துருவும் அதன்மேல் புதிய நீல வர்ணமும் தெளிவாய்த் தெரிந்தன. பூசியவர் சுரண்டிப் பார்த்திருந்தால் அந்தக் காளை தப்பியிருக்கும்.

5. நல்ல சக்கரமானால், தளர்ந்த வர்ணத்தையும் துருவையும் கம்பிப் பிரஷ்ஷாலும் 80 எண் உப்புத்தாளாலும் தேய்த்து, 120 எண் தாளால் முடிக்கவேண்டும். உறுதியாய் ஒட்டியிருக்கும் பழைய வர்ணத்தை எடுக்கவேண்டியதில்லை; அதன் ஓரங்களைச் சரிவாகத் தேய்த்தால் போதும். குழிகளில் மிஞ்சும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியைத் தடவி, டப்பாவில் கண்டபடி கழுவி உலர்த்தலாம். கழிவறை கழுவும் ஆசிட்டை உபயோகிக்கக் கூடாது. அதன் உப்பு இரும்பில் தங்கிப் பின்னர் முன்னிலும் அதிகமான துருவை வளர்க்கும். புளியும் எலுமிச்சையும் சிறு துருவைப் போக்கும். ஆனால் அவற்றின் புளிப்பு நன்றாகக் கழுவப்படவேண்டும். டயர் பூட்டியிருக்கும் சக்கரத்தை ஊதுவிளக்கால் சுட்டு வர்ணத்தை எடுப்பதோ, அதில் வெல்டிங் செய்வதோ பெரும் ஆபத்து. உள்ளே டயர் கருகி வாயு உண்டாகி, டயர் குண்டுபோல் வெடிக்கும். காற்றை இறக்கிவிட்டாலும் இவ்வாபத்து உண்டு.

6. சுத்தம் செய்த இரும்பு ஓரிரவு கிடந்தாலும் மீண்டும் துருப்பிடிக்கும். ஆகையால் தின்னரால் துடைத்து உலர்ந்தவுடன், அன்றைப் பொழுதுக்குள்ளேயே பிரைமர் பூசிவிடவேண்டும். முதலில் ஓரங்கள், துவார விளிம்புகள், பற்றுவைப்பு இவற்றுக்கு ஒரு முறை பூசி, பிறகு முழுவதும் மெல்லியதாகப் பூசவேண்டும். ஓரங்களில் வர்ணம் தானாகவே மெலியுமாதலால் துரு அங்கேதான் முதலில் தோன்றும்.

7. மறுநாள் 320 எண் தாளால் இலேசாகத் தேய்த்துத் துடைத்து, எனாமலை மெல்லியதாக இரண்டு கை பூசவேண்டும். இரண்டுக்கும் இடையில் டப்பாவில் கண்ட நேரம், சாதாரணமாய் ஒரு பகலும் ஓரிரவும், விடவேண்டும். கனமாய் ஒரே கை பூசினால் மேலே உலர்ந்து உள்ளே இளகியிருக்கும். தெளிக்கும் டப்பாவை உபயோகிப்போர் 25 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, நிறுத்தாமல் வீசிக்கொண்டே தெளிக்கவேண்டும். பிரேக்கின் பாகங்களை முன்னதாகவே மூடிவிடவேண்டும்.

8. வர்ணம் கனமாகக் கூடாத இடங்கள் மூன்று: நட்டு அமரும் சரிவுகள், சக்கரம் அச்சுக்குடத்தோடு ஒட்டும் முகம், டயரின் விளிம்பு அமரும் இடம். முதல் இரண்டிலும் எனாமலே படக்கூடாது. மூன்றாவதில் பிரைமரும் மெல்லிய ஒரு கையும் போதும். இதை நான் அநுபவத்தில் கற்றேன். பல வருஷங்களுக்கு முன் என் வண்டிச் சக்கரத்துக்கு நானே வர்ணம் பூசியபோது, அழகைக் கருதி நட்டுச் சரிவுகளிலும் கனமாகப் பூசினேன். மூன்றாம் நாள் உடையார்பாளையம் சாலையில் இடது முன்சக்கரத்திலிருந்து கடகடவென்று ஓசை வந்தது. இறங்கிப் பார்த்தபோது நட்டுகள் கையால் திருகும்படி தளர்ந்திருந்தன. இறுக்கத்தில் வர்ணம் நசுங்கி விலகியதே காரணம்.

9. டயர் பூட்டுமுன் ஒரு வாரமாவது உலரவிடுவது நலம். நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, சக்கரத்தைத் தரையில் இறக்கியபின், வண்டியின் கையேட்டில் கண்ட அளவுக்கு முழுதும் இறுக்கவேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் பார்த்து இறுக்குவதை மறக்கக்கூடாது.

அலுமினியம் கலந்த அலாய் சக்கரங்களுக்கு ரெட் ஆக்ஸைடு ஒட்டாது. அவற்றுக்கென்று விற்கும் பிரைமரையே வாங்கவேண்டும்.

மாட்டுக்கும் குழந்தைக்கும் வரும் தீங்கு

முற்காலத்தில் இரும்புக்கு அடிக்கை பூச ஈயச் செந்தூரத்தையே பெரும்பாலும் உபயோகித்தார்கள். அது காரீயத்தின் ஆக்ஸைடு, கடும் நஞ்சு. வீட்டு உபயோக வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாதென்று இந்திய அரசாங்கம் 2016-ல் விதி செய்து, அது 2017 நவம்பர் முதல் அமலுக்கு வந்தது. ஆனால் பழைய சக்கரத்தின் அடியில் உள்ள வர்ணத்துக்கு அவ்விதியால் பயனில்லை. ஈய வர்ணம் சற்றுத் தித்திப்பாயிருப்பதால் கன்றுகள் அதை விரும்பி நக்கும். அப்படி நக்கிய மாடு பல்லைக் கடிக்கும், கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டி நிற்கும், வலிப்புக் கண்டு சாகும். இக்குறிகள் தோன்றினால் தாமதமின்றிக் கால்நடை வைத்தியரை அழைத்து, வர்ணம் சுரண்டிய செய்தியையும் சொல்லவேண்டும்.

ஆகையால் பழைய வர்ணத்தை ஈரமாக்கியே தேய்க்கவேண்டும். அடியில் பழைய தார்ப்பாயை விரித்து, சுரண்டலைத் திரட்டிக் கட்டி, கன்றும் குழந்தையும் எட்டாதபடி வைத்து, அபாயக் குப்பையாகத் தனியே ஒப்படைக்கவேண்டும். எருக்குழியிலோ, வைக்கோலிலோ, ஏரி வாய்க்காலிலோ கொட்டக்கூடாது, எரிக்கவும் கூடாது. தொழுவத்துக்கு அருகில் இவ்வேலையே வேண்டாம். வர்ணம் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றுவதுண்டு. வைக்கோல் போர் உள்ள களத்தில் இதனால் வரும் கேடு சொல்லாமலே விளங்கும். அத்துணிகளை நீரில் நனைத்தோ, வெட்டவெளியில் பிரித்துப் பரப்பி உலர்த்தியோ அப்புறப்படுத்தவேண்டும்.

முந்திரிக்கொட்டை எண்ணெய்

நமது பக்கத்தில் முந்திரி ஏராளம். அதன் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைச் சுத்திகரித்து, துரு தடுக்கும் வர்ணங்களிலும் பிரேக் லைனிங்குகளிலும் சேர்க்கிறார்கள். இதைக் கேட்டுச் சிலர் பச்சை ஓட்டெண்ணெயையே சக்கரத்தில் தடவலாமா என்று வினவுகிறார்கள். வேண்டாம். அது தோலைக் கொப்புளிக்கச் செய்யும். சரியாக உலராமல் தூசியையும் ஒட்டவைக்கும். தொழிற்சாலையில் பக்குவம் செய்ததே உதவும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

கிராம நிர்வாக அலுவலர்களும் பஞ்சாயத்துத் தலைவர்களும் இரண்டு காரியங்களில் உதவலாம். மக்கள் குளிக்கும் துறையிலும், மாடு நீர் குடிக்கும் குளத்திலும் வண்டிகளைச் சுரண்டிக் கழுவாமல் தடுக்கலாம். கரும்பு வெட்டுக் காலத்துக்கு முன், வண்டிக்காரர்களைக் கூட்டிச் சக்கரங்களைப் பரிசோதிக்கச் சொல்லலாம். அச்சமயத்திலேயே டிரெய்லரின் பின்புறத்திலும் பக்கத்திலும் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும் பட்டைகளை ஒட்டும்படியும் சொல்வது நன்று. விளக்கில்லாத கரும்பு வண்டியின் மேல் இரவில் மோதுவது நம் சாலைகளில் நேரும் கொடிய விபத்துகளில் ஒன்று.

இவ்வேலைக்கு வேண்டியது மூன்று நான்கு நாள் சிறு உழைப்பும், ஓரிரு லிட்டர் வர்ணமும், சிறிது பொறுமையுமே. பூசுவதற்கு ஒரு மணி நேரம் ஆகுமானால் சுத்தம் செய்ய நான்கு மணி நேரம் ஒதுக்கவேண்டும் என்பதை விவசாயிகள் நினைவில் வைக்கக் கோருகிறோம். வருகிற பங்குனியில் ஒரு சக்கரத்துக்கேனும் இம்முறைப்படி செய்து, பழைய முறையில் பூசிய மற்றொன்றோடு அடுத்த பங்குனியில் ஒப்பிட்டுப் பார்த்தால், எம்முறை நல்லதென்பது தாமே விளங்கும்.